6213 முதல் 6223 வரை

சின்னமனூரில் ஒரு காதணி விழா. மண்டபத்துக்கு முதலில் வந்தது சமையல்காரர்கள், அடுத்து போட்டோ எடுக்கும் சூரியபிரகாஷ். மேடையில் இன்னும் ஆள் இல்லை. அப்போதுதான் கட்டிய பூச்சரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்கட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தாய்மாமன் உட்காரப்போகும் வெறும் நாற்காலியை ஒரு படம் எடுத்தான். கேமராவின் பின்பக்கத் திரையில் நாற்காலி வந்தது. மூலையில் அந்தப் படத்தின் எண் 8140 என்று இருந்தது.

8129 என்று வந்திருக்க வேண்டும்.

எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஓர் எண் போடும். 9999 வரை போய்விட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். படத்தை அழித்தாலும் அழித்த எண் திரும்பி வராது. மெமரி கார்டை மாற்றினாலும் விட்ட இடத்திலிருந்துதான் எண்ணும். அவன் அப்படித்தான் அமைத்து வைத்திருந்தான். வேலை முடிந்ததும் கடைசி எண்ணைச் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் எழுதிவிடுவது அவனுடைய பதினைந்து வருடப் பழக்கம். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஏதாவது விட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும். முந்தின நாள் உத்தமபாளையத்தில் ஒரு புதுமனை புகுவிழா. அங்கே எழுதியது 8128.

நோட்டை எடுத்துப் பார்த்தான். 8128தான். நடுவில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணினான். பதினொன்று.

மேடைக்குக் கீழே ஒருத்தர் மைக்கைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். சூரியபிரகாஷ் ஓரமாக நகர்ந்தான். கம்பத்திலிருந்த வீட்டுக்குப் போன் போட்டான்.

"லதா, பாப்பா ஏதும் கேமராவ எடுத்து விளையாண்டாளா?"

"அவ எங்கிட்டு எடுக்க," என்றாள் அவன் மனைவி சொர்ணலதா. "நீங்கதான ராத்திரி பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியவும் கையோட வச்சுக்கிட்டீக. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

காது குத்தும்போது குழந்தை அலறியது. கூட்டம் சிரித்தது. அவன் எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தான். மாலையில் கடைசி எண்ணை எழுதும்போது ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தான். 8655.

வீட்டுக்கு வந்து பேட்டரியைக் கழற்றினான். கார்டையும் எடுத்தான். பேட்டரி சமையலறை அலமாரியில்; கார்டு அவன் பர்ஸில்; கேமரா பீரோவில். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான். செய்யும்போதே தனக்கே கூச்சமாக இருந்தது. விடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி ஜன்னலை ஒரு படம் எடுத்தான்.

8667.

மறுபடியும் பதினொன்று.

சூரியபிரகாஷுக்குப் பதினொன்று என்றால் என்னவென்று தெரியும்.

ஆனி மாதத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். போடியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு ஜோடியை வெளிப்புறத்தில் வைத்துப் படம் எடுக்க, அவனும் செல்லப்பாண்டியும் போயிருந்தார்கள். செல்லப்பாண்டிதான் வீடியோ பார்ப்பது, லைட் பிடிப்பது, கார் ஓட்டுவது எல்லாம். பத்து வருடமாகச் சேர்ந்தே தொழில். காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டத்தில் காலையில் எடுத்துவிட்டு, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் ஒரு மதகுப் பக்கம் வந்தார்கள். ஜோடி, கண்ணாடிகளில் துணி கட்டிய காருக்குள் உடை மாற்றப் போயிற்று. தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடியது.

"செல்லா, அங்கன கீழ்ப்படியில நில்லு. வெளிச்சம் பாத்துக்கிறேன்," என்றான் சூரியபிரகாஷ்.

செல்லப்பாண்டி, வெயிலை முகத்துக்குத் திருப்பும் வெள்ளித் தட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றான். பாசி. அவ்வளவுதான். கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்த சூரியபிரகாஷ், தட்டி சாய்வதைப் பார்த்தான், கால் போவதைப் பார்த்தான். தொடர்ந்து எடுக்கும்படி வைத்திருந்த பொத்தானிலிருந்து விரல் எழவில்லை. ஷட்டர் கடகடவென்று விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு வினாடி இருக்கும். பதினொரு படம். 6213 முதல் 6223 வரை.

போலீஸிடம், தான் கார் பக்கத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்ததாகவும் சத்தம் கேட்டுத் திரும்பியபோது ஆளைக் காணோம் என்றும் சொன்னான். செல்லப்பாண்டியின் மனைவி அபிதாவிடமும் அதையேதான் சொன்னான். ஊர்க்காரர்கள் கயிற்றோடு கரை வழியே ஓடிக்கொண்டிருந்தபோது, காருக்குப் பின்னால் நின்று பதினொரு படத்தையும் ஒவ்வொன்றாக அழித்தான். மறுநாள் மத்தியானம் மூன்று மைல் தள்ளி உடல் கிடைத்தது. நடுவில் நடந்த வேறு எதையும் அவன் நினைப்பதில்லை. நினைவு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து வேறு வேலை பார்ப்பான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேற்கு மலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. வீட்டுச் சுவர்களில் ஈரம் ஏறி, துவைத்த துணியெல்லாம் காயாமல் ஒருவித மக்கல் வாசனையோடு கொடியில் தொங்கியது. அந்த நாட்களில்தான் அவனுக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. குளியலறையில் வாளித் தண்ணீரில் முகம் கழுவக் குனிந்தபோது முதலில் கேட்டது. பல்லில் நகத்தால் தட்டினால் வருமே, அந்த அளவுக்குச் சின்னச் சத்தம். பதினைந்து வருடமாகக் காதோரம் கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் அவனுக்கு அது தப்பவில்லை. ஷட்டர் விழும் சத்தம். நிமிர்ந்தான். சொட்டுச் சொட்டாகத் தாடையிலிருந்து நீர் வாளியில் விழுந்தது. வேறு எதுவும் இல்லை.

பிறகு சமையலறையில், லதா குடத்தில் சொம்பை முக்கும்போது. பிறகு ஒரு சாயங்காலம், சாப்பிட்ட தட்டில் கை கழுவும்போது.

"ஏதாச்சும் கேட்டுச்சா ஒனக்கு?"

"என்ன கேக்கணும்?" லதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு நாளா நீங்க சரியாத் தூங்கல. செல்லாண்ணே போனதிலிருந்தே ஒரு மாதிரித்தான் இருக்கீக. மனசுல எதையாச்சும் வச்சிருந்தா சொல்லுங்க."

"மழைக்குக் கேமராவுல ஈரம் எறங்கியிருக்கும்போல. நாளைக்கித் தேனிக்குப் போயிக் காட்டிட்டு வர்றேன்."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஸ்கூட்டரை வெளியே தள்ளியபோது மகள் சுபாஸ்ரீயைப் பார்த்தான். ஆறு வயது. பள்ளிச் சீருடையில் தெருவில் தேங்கிய தண்ணீர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை லேசாக ஒருபக்கம் சாய்த்து, மோவாயைத் தாழ்த்தி, பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோவில் பிள்ளைகளை அவன் அப்படித்தான் உட்காரச் சொல்வான்.

"ஏய் சுபா, தண்ணியப் பாத்து என்ன சிரிப்பு?"

"போட்டோக்கு," என்றாள்.

தூக்கிக்கொண்டுபோய் வாசற்படியில் நிறுத்தினான். அவள் கால்விரல்களில் மெல்லிய செம்மண் ஒட்டியிருந்தது. அவர்கள் தெரு கருப்புத் தார் போட்ட தெரு.

தேனியில் ஜோஷ்வா கேமரா பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். குடும்பமே பஜாரில் கடிகாரக் கடை நடத்தியவர்கள். சின்ன ஸ்குரூவையெல்லாம் அவன் பார்க்காமலே கழற்றுவான். சூரியபிரகாஷ் கேமராவை மேசையில் வைத்தான். நாள் தவறாமல் எண் தாவுகிறது என்பதை மட்டும் சொன்னான்.

"எண்ணு தாவுறது பெரிய விஷயம் இல்லண்ணே," என்றான் ஜோஷ்வா. "சாஃப்ட்வேர் கிறுக்குப் புடிச்சாலும் தாவும். நெசமாவே ஷட்டர் தொறந்து மூடுச்சான்னு பாக்கணும்னா வேற கணக்கு இருக்கு. காருக்கு கிலோமீட்டர் மாதிரி. ஷட்டர் எத்தன தடவ அடிச்சிருக்குன்னு உள்ளுக்குள்ள தனியா ஓடும். அதை நம்மளால பின்னாடி சுத்த முடியாது. ஒவ்வொரு படத்துக்குள்ளயும் அந்தக் கணக்கும் சேந்தே பதிவாகியிருக்கும். நேத்துக் கடைசிப் படமும் இன்னைக்கு மொதப் படமும் குடுங்க."

கம்ப்யூட்டரில் போட்டான். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தான்.

"நேத்து ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்து எரநூத்தி ஏழு. இன்னைக்கு எரநூத்திப் பத்தொம்பது. ராத்திரி இது பதினோரு தடவ அடிச்சிருக்குண்ணே."

"பேட்டரி உள்ள இல்லையே."

"அப்ப நீங்க சொல்றது நடக்காத காரியம்." ஜோஷ்வா லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயை விளக்குக்கு நேரே காட்டினான். முகர்ந்தும் பார்த்தான். முகம் சுருங்கியது. "இது எப்பண்ணே தண்ணிக்குள்ள விழுந்துச்சு?"

"விழவே இல்ல."

"உள்ள பாருங்க."

கண்ணாடிக்குப் பின்னால், விளிம்பெல்லாம், மாவு மாதிரி நைசான செம்மண் வண்டல் படிந்திருந்தது. தண்ணீர் வற்றியதும் வாய்க்காலின் அடியில் படிந்திருக்குமே, அது. பச்சைப் பாசியின் வாசனை மேசை முழுக்க எழுந்தது. ஜோஷ்வா துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வண்டல் போனபிறகும் துடைத்தான்.

"கோவிச்சுக்காதீக. இதை நான் வச்சுக்கல. எடுத்துட்டுப் போயிருங்க."

பேட்டரியைத் தனியாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். கடையை விட்டு இறங்கும்போது போன் அடித்தது. அபிதா.

"அண்ணே, தேனிப் பக்கம் வந்தா சாயங்காலமாக் கடைக்கு ஒருநடை வந்துட்டுப் போங்களேன். ஒண்ணு காட்டணும்."

அபிதா கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் கடையில் வேலை பார்த்தாள். சூரியபிரகாஷ் எடுக்கும் படமெல்லாம் அவள் கைக்குத்தான் போகும். கார்டை அப்படியே கொடுத்துவிடுவான். அவள் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஆல்பமாக்கித் தருவாள். புருஷன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் சுவர்தான் தெரிகிறது என்றாள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கடையில் மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அபிதா மட்டும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"யாரும் இல்லாதப்பக் கேக்கணும்னுதான் இருந்தேன். அவரு போன அன்னைக்கி நீங்க எடுத்த கார்டு எங்கிட்டத்தான் இருக்கு. அதுல கடைசிப் படம் 6212. அதுக்கடுத்து நீங்க எடுத்த கல்யாணம் பத்து நாள் கழிச்சு, வேற கார்டுல. அது 6224ல ஆரம்பிக்குது. நடுவுல பதினொண்ணு இல்ல. அது என்ன படம்ணே?"

"சும்மா… வெளிச்சம் பாக்க எடுத்தது. சரியா வரலன்னு அழிச்சேன்."

"அவர நிக்க வச்சுப் பாத்ததா?"

அவன் கேமராப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மழை தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் சண்டைக்குக் கூப்பிடலண்ணே," என்றாள் அபிதா. "அழிச்ச படம் கார்டுல அப்படியேதான் கெடக்கும். அது மேல வேற படம் எடுத்தாத்தான் போகும். அந்தக் கார்டை நான் யாரையும் தொட விடல. திருப்பி எடுக்குற சாஃப்ட்வேர் இங்கன இருக்கு. தனியா உக்காந்து பாக்கத் தைரியம் வரல. அவரு மொகத்தக் கடைசியாப் பாத்தவரு நீங்கதான்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. அதான் ஒங்களையும் கூப்பிட்டேன்."

அப்போதுதான் அவன் சொன்னான். தலை நிமிராமல், கேமராப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு. கார் பக்கத்தில் இல்லை, கரையில்தான் நின்றேன். நான்தான் கீழ்ப்படியில் நிற்கச் சொன்னேன். விரல் எழவில்லை.

அபிதா கேட்டு முடித்தாள். கார்டைச் செருகினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீண்டது. சின்னச் சின்னச் சதுரங்களாகப் படங்கள் வர ஆரம்பித்தன.

6213. செல்லப்பாண்டி தட்டியோடு நின்று ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். 6214. தட்டி சாய்கிறது. 6215. 6216. கை விரிகிறது. 6219இல் அவன் கேமராவைப் பார்க்கிறான். நேராக. 6223இல் தண்ணீர், தட்டியின் ஒரு மூலை, ஒரு சுழி.

அபிதா 6213க்குத் திரும்பிப் போய் அந்தச் சிரிப்பை வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு செகண்டுதானண்ணே," என்றாள். "யாரா இருந்தாலும் தெகைச்சுத்தான் போவாக. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் இருந்த கல் ஒன்று நகர்ந்தது போலிருந்தது. அவன் அழத் தொடங்கினான்.

பச்சைக் கோடு நிற்கவில்லை.

6224.

"இது எப்பிடி வரும்?" அபிதா திரைக்கு அருகே குனிந்தாள். "6224 வேற கார்டுல எடுத்ததாச்சே."

படத்தைத் திறந்தாள். முதலில் இருட்டாக, கலங்கலாக, மேலே மட்டும் வெளிச்சம் நெளிவதாகத் தெரிந்தது. செம்மண் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்து எடுத்த படம். மேலே, கரையில், ஓர் ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா.

6225. அந்த ஆள் கேமராவை இறக்கிவிட்டான். தண்ணீரைப் பார்க்கவில்லை. குனிந்து, கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

6226. பார்த்துக்கொண்டிருக்கிறான். கட்டைவிரல் பொத்தானில்.

6227. அடுத்த படத்துக்குத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

6228. தலை நிமிர்கிறது. வாய் திறக்கிறது. இப்போதுதான் கத்துகிறான்.

அபிதா ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இருந்த நேரத்தை விரலால் தொட்டாள். 6223க்கு 11 மணி 42 நிமிடம் 8 வினாடி. 6228க்கு 11 மணி 42 நிமிடம் 49 வினாடி.

"நாப்பத்தோரு செகண்டு," என்றாள்.

அவன் பேச வாயெடுத்தான். படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது. யாரிடமும் சொல்ல முடியாதது அதுதான். தனக்குத்தானே கூடச் சொல்லாதது.

அபிதா அவனைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியை மட்டும் ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கார்டு கொள்ளாத அளவுக்கு வந்தன. நூறு. ஐந்நூறு. எல்லாமே நீருக்கடியிலிருந்து. தேதி ஆனியைத் தாண்டியது, ஆடியைத் தாண்டியது. கடைசிக்கு வரவர ஒரு நாளுக்குப் பதினொன்று. வெறும் இருட்டு, வெறும் கலங்கல், மறுபடி இருட்டு. எதையோ தேடி எங்கெங்கோ போவதுபோல. பிறகு ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு முகம் குனிந்திருந்தது, தாடையில் நீர் சொட்ட. அவன் முகம். வாளியின் அடியிலிருந்து. பிறகு ஒரு சொம்பு இறங்குகிறது, பின்னால் லதாவின் வளையல். பிறகு தெரு, தலைகீழாக. மேகம். சாய்ந்த ஒரு சின்னத் தலை, மூடிய உதட்டுச் சிரிப்பு.

இன்று காலை.

மடியில் இருந்த பைக்குள் ஷட்டர் விழுந்தது.

அவன் பையைப் பார்த்தான். ஜிப் மூடியிருந்தது. பேட்டரி சட்டைப்பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தான். இருந்தது.

திரையில் புதிதாக ஒரு சதுரம் வந்து உட்கார்ந்தது. இன்றைய தேதி. 5 மணி 51 நிமிடம். சுவர்க் கடிகாரத்திலும் அதேதான். படத்தில் நான்கு பக்கமும் இருட்டு, நடுவே கட்டம் போட்ட மாதிரி சதுரமாக வானம். சதுரத்தின் ஓரத்தில் சுபாஸ்ரீயின் முகம்.

"அண்ணே," என்றாள் அபிதா. "வீட்டுக்குப் போன் போடுங்க. மொதல்ல போன் போடுங்க."

போட்டான். விரல் வழுக்கி இரண்டு முறை தப்பியது. லதா எடுத்தாள்.

"பாப்பா எங்க?"

"பின்னாடிதான் இருக்கா. கொழாயில தண்ணி வந்துச்சு, தரைத்தொட்டி நெறைஞ்சிருச்சான்னு பாக்கத் தொறந்து வச்சேன். ஏன் ஒரு மாதிரிப் பேசுறீக?"

"தூக்கு அவள. ஓடிப்போய்த் தூக்கு."

"என்னங்க—"

"ஓடு."

பைக்குள் ஷட்டர் விழுந்தது. இரண்டாவது படம். சுபா மண்டியிட்டிருக்கிறாள். போனில் லதாவின் செருப்புச் சத்தம். சமையலறை, கூடம். அந்த வீட்டில் கூடத்திலிருந்து பின்வாசலுக்கு முப்பது அடி.

மூன்று. தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள்.

நான்கு. இன்னும் கிட்டே.

"சுபா," என்று போனில் லதா கூப்பிட்டாள். "ஏய் சுபா."

ஐந்தாவது படத்தில் பிள்ளை லேசாகத் திரும்பியிருந்தாள், அம்மாவின் குரலைக் கேட்ட மாதிரி. சூரியபிரகாஷ் மூச்சை விட்டான். ஆறு. மறுபடி தண்ணீரைப் பார்க்கிறாள். யாரோ இவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் புருவம் உயர்ந்திருக்கிறது.

ஏழு. கையை நீட்டுகிறாள்.

எட்டு. படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து, கேமரா இருக்கும் பக்கத்திலிருந்து, இன்னொரு கை மேலே போகிறது. ஊறி வெளுத்த கை.

அபிதா எழுந்துவிட்டாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வேணாம்," என்றாள் திரையைப் பார்த்து. "ஏங்க, வேணாங்க. விட்டுருங்க."

ஒன்பது. வெறும் நுரை.

பத்து. சுபாவின் முகம், வெகு அருகில். கண் திறந்திருக்கிறது. பின்னல் அவிழ்ந்து மேல்நோக்கி மிதக்கிறது.

போனில் பின்வாசல் கதவின் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. மழைக்கு ஊறிப்போன கதவு. லதா இன்னும் அதை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அவள் இன்னும் வெளியே போகவில்லை.

பைக்குள் ஷட்டர் விழுந்தது.

பதினொன்று.

சதுரமான வானம். அதில் குனிந்த லதாவின் முகம், காதில் போன், வாய் முழுக்கத் திறந்தபடி.

அவன் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். தாழ்ப்பாள் விடுபட்டது. கதவு திறந்தது. மழையில் செருப்பு நடந்தது. நான்கு எட்டு. ஐந்து. நின்றது.

லதாவின் அலறல் இன்னும் வரவில்லை.